பாதிக் கிணற்றில் நின்ற கயிறு

வேலை நேரத்தில் போனைப் பார்க்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. அதனால்தான் என்னை எழுதச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். உங்களைப் போலவே தீயணைப்பு வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் பெரும்பகுதி கழிந்தது. எந்த நிலையம் என்று கேட்க வேண்டாம். பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்கு ஆட்களை அடையாளம் தெரிந்துவிடும்.

போன் என்றதும் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன கதை என்று எனக்குத் தெரியும். வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசிய டிரைவர், அவசர அழைப்பை எடுக்க வேண்டிய நேரத்தில் வாட்ச் ரூமில் கேம் விளையாடியவர், இப்படி ஏதாவது. அப்படி ஒன்று என்னிடமும் இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கோடையில் எங்கள் நிலையத்தின் பின்பக்கச் சுவரை ஒட்டிக் கிடந்த சருகுக் குவியல் தீப்பிடித்துக்கொண்டது. அந்நேரம் வாட்ச் ரூமில் இருந்தவர் எந்த நாட்டிலோ காடு எரிவதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தபோது அறை முழுக்கப் புகை. அவர் இருமிக்கொண்டே என்னிடம் போனை நீட்டினார்.

"பாருங்க சார், என்னமா எடுத்துருக்கான். பொக வாசனையே அடிக்கிற மாதிரி இருக்கு."

இந்தக் கதையை நான் பல வருஷம் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சிரித்த வாயோடு நானே ஒரு நாள் அதைவிடக் கேவலமான காரியம் செய்தேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியது அதுதான்.

என் சர்வீஸின் கடைசி வருஷங்களில், பழக்கமான நிலைய அலுவலர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். மேலிடத்து உத்தரவெல்லாம் கிடையாது. நாங்களாகத் தேடிக்கொண்டதுதான். பெயர் 'மீட்புச் சிங்கங்கள்'. யார் எங்கே எதை மீட்டாலும் அதில் படம் போட வேண்டும், மற்ற சிங்கங்கள் கட்டைவிரல் காட்ட வேண்டும். கடற்கரைப் பக்கம் வேலை பார்த்த நண்பர் ஒருவர், மீமிசலுக்கு அருகில் மீன்வலையில் சிக்கிய ஆமையைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு ஒரு படம் போட்டார். எல்லாச் சிங்கங்களும் எழுந்து நின்று கைதட்டாத குறை. மறுநாள் நான் ஒரு வீட்டுக் குளியலறையில் பிடித்த சாரைப்பாம்பைப் போட்டேன். மூன்றே கட்டைவிரல். அதிலும் ஒன்று தவறுதலாக அழுத்தியது என்று பின்னால் தெரிந்தது.

ஐம்பத்தெட்டு வயது மனிதனுக்கு இது உறுத்துமா என்று கேட்டால், உறுத்தியது. சாப்பிடும்போதுகூட உறுத்தியது. நல்ல படமாக ஒன்று அமையாதா என்று ஏங்க ஆரம்பித்தேன். யோசித்துப் பாருங்கள், தீயணைப்புக்காரனுக்கு நல்ல படம் அமைய வேண்டுமென்றால் யாருக்காவது கெட்டது நடக்க வேண்டும்.

நடந்தது. ஒரு நாள் காலை பதினொரு மணிவாக்கில் கீரமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. தென்னந்தோப்புக்குள் இருக்கும் பழைய கிணற்றில் ஒரு பெண் விழுந்துவிட்டாள், உயிரோடு இருக்கிறாள், சத்தம் போடுகிறாள். ஐந்து பேர் கிளம்பினோம். டிரைவர் அடைக்கலம், என்னிடம் நாலு வருஷமாக வேலை பார்த்த சரவணன், இன்னும் இரண்டு வீரர்கள், நான்.

போய்ப் பார்த்தால் கிணற்றைச் சுற்றி முப்பது பேர். முப்பது பேர் கையிலும் போன். கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் இல்லை, போன்கள்தான் சுவர் மாதிரி நின்றன. அவர்களை விலக்கி எட்டிப் பார்த்தேன். நாற்பதடி ஆழம் இருக்கும். அடியில் இடுப்பளவுத் தண்ணீர். அதில் ஒரு பெண், வெள்ளாடு ஒன்றைத் தோளோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

செல்லாயி என்று பெயர். ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும். ஆடு விழுந்ததைப் பார்த்து, கிணற்றுச் சுவரில் நீட்டியிருந்த படிக்கற்களைப் பிடித்து இறங்கியிருக்கிறாள். முக்கால் கிணறு இறங்கியதும் ஒரு படி பெயர்ந்துவிட்டது. கணுக்கால் பிசகியதைத் தவிர வேறு காயமில்லை. வாய்க்கு ஒன்றுமே ஆகவில்லை.

"யாருப்பா மேல? காக்கிச் சட்டையாத் தெரியுது?"

"பயர் சர்வீஸ்க்கா. பயப்படாதீங்க."

"பயரா? இங்க எங்கப்பா நெருப்பு? நான் தண்ணிக்குள்ளல்ல நிக்கிறேன்!"

மேலே எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதே எனக்குள் ஒரு எண்ணம் ஓடியது, இது நல்ல படம் என்று. கிணறு, ஆடு, வாயாடி அக்கா. ஆமை எம்மாத்திரம்!

கிணற்றின் விளிம்பில் ஒரு பெண் குப்புறப் படுத்துக்கொண்டு, நீட்டிய கையில் போனைப் பிடித்திருந்தாள். பக்கத்து வீட்டு மலர். நான் அவளை எழுந்து போகச் சொன்னேன். போனுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"சார், சார், நான் அவங்க மகன் சார். குமரேசன். சிங்கப்பூர்லேருந்து பேசுறேன். மலரக்காவப் போகச் சொல்லாதீங்க சார், நான் ஆத்தாவப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

வேலை இடைவேளையில் வீட்டுக்கு அழைத்தவனுக்கு இந்தக் காட்சி கிடைத்திருக்கிறது. திரையில் மஞ்சள் ஹெல்மெட்டும் வியர்த்த முகமுமாகத் தெரிந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. மலரின் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டித் தென்னையில் முடிந்துவிட்டு, அப்படியே படுத்திருக்கச் சொன்னேன். அன்றைக்கு நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான், அதுவும் தெரியாமல் செய்தது.

"ஆத்தா, ஆட்ட விடு ஆத்தா! மொதல்ல நீ ஏறி வா!"

"சினையாட்ட எப்படிடா விடுறது? நீ போனப் பாத்துக்கிட்டு நிக்காத. ஒங்க மேஸ்திரி பாத்தா என்ன நெனப்பாரு!"

சரவணன் கயிற்றில் இறங்கினான். அவன் இடுப்பில் கட்டிய உயிர்க்கயிற்றைத் தென்னையில் ஒரு சுற்றுச் சுற்றி அடைக்கலம் பிடித்துக்கொண்டான். ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று செல்லாயி கிணற்றுக்குள் நின்று பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருந்ததால், இருவரையும் ஒரே வலையில் ஏற்றுவது என்று முடிவு செய்தேன். வலையில் அவள் உட்கார, மடியில் ஆட்டைச் சரவணன் தூக்கி வைத்தான். வலைக்கயிற்றை என் வீரர்கள் இருவரும் ஊர்க்காரர்கள் நாலு பேரும் இழுத்தார்கள். சரவணன் அடுத்த முறைக்காகக் கீழே நின்றான்.

வலை ஏறியது. கீழே தண்ணீர், மேலே வெளிச்சம், நடுவில் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டு செல்லாயி. பாதிக் கிணறு வந்ததும் வெயில் சரியாக அவள் மேல் விழுந்தது.

"நிறுத்துங்க!" என்றேன். "அப்படியே பிடிங்க!"

கயிறு பிடித்தவர்கள் ஏதோ ஆபத்து என்று பதறிப்போய் நிறுத்தினார்கள். நான் பையிலிருந்து போனை எடுத்தேன்.

இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. ஆனாலும் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

வலையின் நிழல் அவள் முகத்தில் விழுந்தது. "அக்கா, கொஞ்சம் மேல பாருங்க."

"எதுக்கு?"

"போட்டோவுக்கு."

செல்லாயி என்னைத் திட்டியிருக்க வேண்டும். அவள் திட்டவில்லை. முந்தானையை இழுத்துத் தோளில் சரிசெய்தாள். ஈரத் தலைமுடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகினாள். ஆட்டின் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள். பிறகு கேட்டாள்:

"சிரிக்கணுமா, சும்மா இருக்கணுமா?"

"லேசாச் சிரிங்க."

அடியில் நின்ற சரவணன், தானும் படத்தில் விழுவோம் என்று தெரிந்து ஹெல்மெட்டை நேராக்கிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து மேலே பார்த்தான். மேலே இருந்த முப்பது பேரும் நல்ல இடம் பிடிக்க நெருக்கினார்கள். நான் அழுத்தினேன். படம் விழவில்லை. போனில் இடம் இல்லை, எதையாவது அழிக்கச் சொல்லி எழுத்து வந்தது.

அழித்தேன். நாற்பதடிக் கிணற்றின் நடுவில் ஒரு பெண்ணும் ஒரு சினையாடும் தொங்க, ஆறு பேர் கையில் கயிறு அறுத்துக்கொண்டிருக்க, நான் விளிம்பில் நின்று காலை வணக்கப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். ரோஜாப்பூ. சூரிய உதயம். காபிக் கோப்பை. அதில் ஒரு படத்தை, மச்சினர் அனுப்பியதாயிற்றே என்று அழிக்காமல் தயங்கவும் செய்தேன்.

"சார்!" என்று ஒரு குரல் கேட்டது. மலரின் போனிலிருந்து. "சார், அந்தப் பக்கச் சொவரு சார்!"

"இருப்பா தம்பி," என்றாள் மலர். "சார் போட்டோ எடுக்குறாங்க."

"அக்கா, சொவருல கல்லு வெளிய வருது! மண்ணு கொட்டுது! கீழ ஆளு நிக்குது!"

எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. சிக்னல் விட்டு விட்டு வருகிறது, அவன் பதற்றத்தில் ஏதோ சொல்கிறான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நினைக்கக்கூட இல்லை. இன்னும் இரண்டு படம் அழித்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அப்போது போனுக்குள் குமரேசனின் குரல் மாறியது.

"யோவ்! போனக் கீழ போடுய்யா! ஆளு சாவப்போறான்யா!"

என்னை யாரும் 'யோவ்' என்று அழைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அதுதான் என்னை உலுக்கியது. நிமிர்ந்து பார்த்தேன். கிழக்குச் சுவரில், சரவணன் தலைக்கு மேலே இருபதடி உயரத்தில், செம்புராங்கல் வரிசை ஒன்று வயிறு தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தது. அதன் இடுக்கிலிருந்து மண் சர்க்கரை மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது.

என் கையிலிருந்து போன் நழுவி வலையைத் தாண்டிக் கிணற்றுக்குள் போனது. அது தண்ணீரில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நான் அடைக்கலத்தின் பக்கம் ஓடி உயிர்க்கயிற்றைப் பிடித்தேன்.

"வலைய இழுங்க! சரவணா, மேற்கால வா, மேற்கால! எல்லாரும் வாங்க, கயித்தப் பிடிங்க!"

ஊர்க்காரர்கள் வந்தார்கள். ஒரு கையில் கயிறும் இன்னொரு கையில் போனுமாக. அடைக்கலம் கத்திய கத்தலில்தான் இரண்டாவது கையும் கயிற்றுக்கு வந்தது. எப்படி இழுத்தோம் என்று எனக்குத் தெரியாது. சரவணன் தண்ணீரை விட்டு மேலே எழும்பிச் சுவரில் கால் பதித்த நேரம் கிழக்குச் சுவர் இறங்கியது. பெரிய சத்தமெல்லாம் இல்லை, மூட்டையைக் கவிழ்த்தது போல ஒரு சத்தம். கல் ஒன்று சரவணனின் முழங்காலுக்குக் கீழே இடித்துவிட்டுப் போனது. அவன் கையை இடுப்பில் வைத்து நின்ற இடத்தில் இப்போது ஒரு கல் குவியல் இருந்தது.

செல்லாயி வெளியே வந்துவிட்டாள். ஆடு வலையிலிருந்து எழுந்து, உடம்பை உதறி, யாரோ தரையில் வைத்திருந்த தொப்பியைத் தின்னத் தொடங்கியது. செல்லாயி தரையில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"படம் நல்லா விழுந்துச்சா தம்பி?"

மலர் போனை என்னிடம் கொண்டுவந்தாள். குமரேசன் அழுதுகொண்டிருந்தான்.

"மன்னிச்சுருங்க சார். ஒங்களப் போயி மரியாதையில்லாமப் பேசிட்டேன்."

"நீ எப்படிப்பா பாத்த? இங்க இருந்த எங்க கண்ணுக்கே தெரியலயே?"

"கிரேன் சைட்டு சார் இது. சரக்குத் தூக்குறப்ப ஒருத்தன் எதையும் தொடாமப் பாத்துக்கிட்டே நிக்கணும், அதான் என் வேல. தூக்குற சாமானையும் அதச் சுத்தியும் பாக்கணும். கண்ணு அப்படிப் பழகிருச்சு."

கடலுக்கு அந்தப் பக்கம், உள்ளங்கை அகலத் திரையில் பார்த்தவனுக்குத் தெரிந்தது. விளிம்பில் நின்ற எனக்குத் தெரியவில்லை. கிணற்றைச் சுற்றி நின்ற நாங்களெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவன் ஒருவன்தான் போன் வழியாகக் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாள் காலை அடைக்கலம் தன் போனைக் கொண்டுவந்து காட்டினான். ஊர்க்காரர் ஒருவர் எடுத்த வீடியோ. சுவர் விழுந்தது அதில் இல்லை. கிணற்று விளிம்பில் ஒரு அலுவலர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு போனில் எதையோ மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். கீழே எழுதியிருந்தது: 'இக்கட்டான நேரத்திலும் பதறாமல், தொழில்நுட்ப உதவியுடன் தாயையும் ஆட்டையும் காப்பாற்றிய அதிகாரி'. மாவட்டம் முழுக்கச் சுற்றிவிட்டது. புதுப் போன் வாங்கிப் பார்த்தபோது, 'மீட்புச் சிங்கங்கள்' குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் அதற்குக் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். ஆமை நண்பர், "அண்ணே, எந்த ஆப் அது? எங்களுக்கும் அனுப்புங்க" என்று கேட்டிருந்தார்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குச் சரவணனைப் பார்க்கப் போனேன். எலும்பில் விரிசல், மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் கொண்டுபோன சாத்துக்குடியை எடுத்து எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அவனே ஆரம்பித்தான்.

"சார், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"கீழ நிக்கிறப்ப தோள்ல மண்ணு விழுந்துச்சு சார். ரெண்டு வாட்டி விழுந்துச்சு."

"அப்பறம் ஏன்டா கத்தல?"

"தட்டி விட்டுட்டேன் சார். போட்டோல சட்ட அழுக்காத் தெரியும்னு."

தம்பிகளே, தங்கைகளே, நான் நெருப்புக்குள் போயிருக்கிறேன். கேஸ் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன். அந்தப் பையன் சொன்ன அந்த வரியைக் கேட்டபோது பயந்த மாதிரி எப்போதும் பயந்ததில்லை. சரவணன் சோம்பேறி இல்லை. மண் கொட்டினால் சுவர் சரியும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். அவனுக்குத் தெரிந்த தொழிலையே நான் நீட்டிய ஒரு போன் மறக்கடித்துவிட்டது. அதுவும் அவன் கையில் இல்லாத போன்.

நிலையத்துக்குத் திரும்பி அறிக்கை எழுத உட்கார்ந்தேன். ஒரு வீரருக்குக் காயம் என்றால் காரணம் எழுத வேண்டும். 'எதிர்பாராத மண்சரிவு' என்று எழுதினால் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். பாராட்டுக் கடிதம்கூட வந்திருக்கும். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'மீட்பின் நடுவில் புகைப்படம் எடுப்பதற்காக நான் கயிற்றை நிறுத்தச் சொன்னதால்' என்று எழுதினேன். மேலதிகாரி அதை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் படித்தார். "இந்த மாதிரி யாரும் எழுத மாட்டாங்கய்யா" என்றார். பிறகு முறைப்படி எனக்கு மெமோ கொடுத்தார். கொடுக்க வேண்டியதுதான்.

அதே அறிக்கையைச் சிங்கங்கள் குழுவிலும் போட்டேன். மறுநாள் ஒருவர் எழுதினார்: மரத்திலிருந்து இறக்கிய பூனை, படத்தில் கலங்கலாகத் தெரிந்ததால், அதைத் திரும்ப மரத்தில் ஏற்றி இறக்கினாராம். இரண்டாவது முறை பூனை பிராண்டியதில் வீரர் ஒருவருக்குத் தையல். ஆமை நண்பர், ஆமையைக் கடலில் விடுவதற்கு முன்னால் எத்தனை பேர் தூக்கிப் படம் எடுத்தார்கள் என்பதை எழுதினார். அதை இங்கே சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வாரக் கடைசியில் குழுவைக் கலைத்துவிட்டோம்.

அதன் பிறகு எங்கள் நிலையத்தில் ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். எந்த மீட்பாக இருந்தாலும் எங்களில் ஒருவர் மட்டும் கயிறு பிடிக்கக் கூடாது, கருவி தொடக் கூடாது, போனை வண்டியிலேயே வைத்துவிட வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்பது மட்டுமே அவர் வேலை. குமரேசனிடம் கற்றது. செய்து பார்த்தால்தான் தெரியும், எவ்வளவு கஷ்டமான வேலை என்று. கை அரிக்கும். மற்றவர்கள் வியர்வையில் நனையும்போது நாம் மட்டும் சும்மா நிற்பது போல் இருக்கும். யாரும் விரும்பாததால், ஓய்வு பெறும் வரை பெரும்பாலும் நானே அதைச் செய்தேன்.

ஓய்வு பெற நாலு மாதம் இருக்கும்போது திருக்கோகர்ணம் பக்கத்தில் ஒரு பழைய மாடிவீட்டுச் சுவர் சாய்ந்து ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டார். முக்கால் மணி நேரம் ஆனது. கால் குணமாகித் திரும்பியிருந்த சரவணன்தான் உள்ளே போனான். நான் வாசலில் நின்றேன். ஒருமுறை "நிறுத்து" என்றேன், மேல் தளத்தில் விரிசல் ஓடியதால். முட்டுக் கொடுத்த பிறகு "இப்ப போ" என்றேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. எல்லாரும் முழுசாக வெளியே வந்தார்கள்.

பத்து நாள் கழித்து என் மேல் ஒரு புகார் மனு வந்தது. வீடியோ ஆதாரத்தோடு. உயிருக்குப் போராடும் நேரத்தில் வீரர்கள் எல்லாம் வேலை செய்ய, நிலைய அலுவலர் மட்டும் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாமல் முக்கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார் என்று எழுதியிருந்தது. விளக்கம் கேட்டார்கள்.

ஒரே வரியில் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'மனுதாரர் சொல்வது உண்மை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.'